ஊதமாட்டேன் என்று சொல்லலாமா?

தமிழர்களுக்கு ஊதுவது புதிய வித்தையல்ல. கோவிலில் நாகஸ்வரம் ஊதுகிறோம். சுபத்துக்கும் அசுபத்துக்கும் சங்கு ஊதுகிறோம். ஈர விறகோடு மல்லாடிய நம் ஆச்சிமார்கள், கண் எரிய எரிய, ஊதுகுழலால் அடுப்பை ஊதினார்கள். பொற்கொல்லர் ஊதாவிட்டால் ஊரில் ஒரு கல்யாணமும் நடவாது. இவ்வளவு ஊதல்களும் போதாவென்று மோட்டார் யுகம் இன்னோர் ஊதலையும் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. இரவு வேளையில் சாலையின் குறுக்கே தடுப்பு வைத்திருக்கும் போலீஸ்காரர், வண்டியை நிறுத்தி, உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவியை நீட்டி, "ஊதுங்கள்" என்கிறார்.

மற்ற ஊதல்களுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஊதுகிறவர் ஒரு வார்த்தை பேசாவிட்டாலும், அவருடைய இரத்தத்தில் என்ன இருக்கிறதென்று அந்தக் கருவி பேசிவிடுகிறது. அது பேசுவது சட்டத்தின் எல்லைக்கு மேற்பட்டதானால், முதல் தடவைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரையில் சிறை, அல்லது இரண்டும். மறுபடி அகப்பட்டால் பதினையாயிரம் ரூபாய், அல்லது இரண்டு வருஷம் வரையில் சிறை, அல்லது இரண்டும். 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு இவ்வாறு சொல்கிறது.

கருவி பேசுவது பொய்யாயிருந்தால் என்ன செய்வது? ஊதவே மாட்டேன் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டா? இந்த இரண்டு கேள்விகளையும் இந்த வாரம் ஆராய்வோம்.

திண்ணையில் நடந்த விவாதம்

எங்கள் செக்காலையில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும், பிள்ளையார்பட்டிக்கும் இராமேசுவரத்துக்கும் நம் குடும்பங்களை ஏற்றிச் செல்கிறவர்கள் அவர்களே. அவர்களில் ஒருவர், வயதில் மூத்தவர், ஒரு நாள் மாலை திண்ணையில் உட்கார்ந்து தம் கவலையைச் சொன்னார். சட்டப் படிப்புப் படிக்கும் இளைஞன் ஒருவனும் அங்கே இருந்தான். அவன் உடனே உபதேசத்தில் இறங்கிவிட்டான்.

"அண்ணே, நீங்கள் ஏன் ஊதுகிறீர்கள்? குற்றம் சாட்டப்பட்டவனைத் தனக்கே விரோதமாகச் சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 20-ஆவது விதி சொல்கிறது. ஊதாவிட்டால் கருவியில் எண் இல்லை. எண் இல்லாவிட்டால் வழக்கும் இல்லை. மேலும், 'மாட்டேன்' என்று சொல்லித்தானே இந்தத் தேசம் விடுதலை பெற்றது?"

டிரைவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி சொல்வது சரிதானா, வாத்தியாரையா? நான் குடிக்கிறவன் இல்லை. ஆனால் அந்தக் கருவி தப்பாகக் காட்டிவிட்டால் என் லைசென்ஸ் போய்விடும். லைசென்ஸ் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அதுதான் பயம்" என்றார்.

இளைஞனின் பேச்சில் சாமர்த்தியம் இருந்தது. டிரைவரின் பேச்சில் நியாயம் இருந்தது. இரண்டையும் தனித்தனியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூக்கே சாட்சியாயிருந்த காலம்

இந்தக் கருவி வருவதற்கு முன்னால் நிலைமை எப்படி இருந்தது என்பதை முதலில் பார்க்கலாம். 1939-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்திலும் குடித்துவிட்டு ஓட்டுவது குற்றந்தான். ஆனால் ஆரம்பத்தில், வண்டியைச் சரியாக நடத்த முடியாத அளவுக்கு ஒருவர் போதையில் இருந்தார் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. எந்த அளவு, எத்தனை மில்லிகிராம் என்ற பேச்சே அப்போது அந்தச் சட்டத்தில் இல்லை. எனவே போலீஸ்காரரின் மூக்கும், டாக்டரின் கண்ணுமே சாட்சிகளாயின. வாயில் வாடை வந்ததா, நடை தள்ளாடியதா, கண் சிவந்திருந்ததா என்பவற்றைக் கொண்டு தீர்மானித்தார்கள்.

இதில் ஏழைக்கும் எளியவருக்கும் எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இரவெல்லாம் கண் விழித்து லாரி ஓட்டியவரின் கண்ணும் சிவந்திருக்கும். விபத்தில் அடிபட்டவரின் நடையும் தள்ளாடும். இருமல் மருந்து குடித்தவர் வாயிலும் வாடை வரலாம். 1971-இல் பம்பாய் மோட்டார் விபத்து வழக்கு ஒன்று சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. அதில் இரத்தப் பரிசோதனையோ சிறுநீர்ப் பரிசோதனையோ செய்யப்படவில்லை. வாடை வந்தது, நடை நிதானமாக இல்லை, கண்மணி விரிந்திருந்தது என்று டாக்டர் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு, குடித்திருந்தார் என்று முடிவு கட்ட முடியாதென்று நீதிபதிகள் கூறிவிட்டார்கள்.

ஆகவே அளந்து பார்க்கும் கருவி என்பது குடிகாரரைப் பிடிப்பதற்கு மட்டும் வந்ததன்று. குடிக்காதவரைப் போலீஸ்காரரின் மூக்கிலிருந்து காப்பாற்றுவதற்கும் அதுவே உதவுகிறது. திண்ணையில் எங்கள் டிரைவர் இதை முதலில் நம்பவில்லை. நேயர்களில் சிலரும் நம்பமாட்டார்கள். பொறுமையாக மேலே படிக்க வேண்டுகிறேன்.

கருவியின் கணக்கு

குடித்த மது இரத்தத்தில் கலக்கிறது. இரத்தம் நுரையீரலுக்கு வரும்போது அதில் ஒரு சிறு பகுதி ஆவியாகி மூச்சோடு வெளியேறுகிறது. நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் 2,100 மில்லி லிட்டர் மூச்சில் எவ்வளவு மது உண்டோ, ஏறக்குறைய அவ்வளவு மது 1 மில்லி லிட்டர் இரத்தத்தில் உண்டு என்பது விஞ்ஞானிகள் வைத்துக்கொண்டிருக்கும் கணக்கு. மூச்சை அளந்து இரத்தத்தைக் கணிக்கும் தந்திரம் இதுதான்.

அமெரிக்காவில் இண்டியானா மாகாணத்தில் 1930-களில் ஹார்கர் என்ற பேராசிரியர் இதற்கு ஒரு கருவி செய்தார். ஊதுகிறவர் ஒரு பலூனில் ஊத வேண்டும். பின்பு 1954-இல் அதே மாகாணத்தைச் சேர்ந்த போர்க்கென்ஸ்டைன் என்பவர் இன்னும் சுலபமான கருவியைக் கண்டுபிடித்தார். ஆரஞ்சு நிறமான ரசாயனக் கரைசல், மது கலந்த மூச்சுப் பட்டதும் பச்சையாக மாறும்.

இக்காலத்துக் கருவிகள் பலவற்றில் நிறம் மாறுவதில்லை. உள்ளே ஒரு சிறு மின்கலம் இருக்கிறது. மூச்சில் உள்ள மது பிளாட்டினத் தகட்டில் பட்டு ரசாயன மாறுதல் அடையும்போது மின்சாரம் பிறக்கிறது. மது அதிகமானால் மின்சாரமும் அதிகமாகும். காரைக்குடிக்காரர்களுக்கு இந்த வித்தை அந்நியமானதன்று. ரசாயனத்தையும் மின்சாரத்தையும் சேர்த்து ஆராய்வதற்கென்றே வள்ளல் அழகப்பர் நிலமும் பணமும் கொடுக்க, 1948-இல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1953-இல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் ஊரில்தானே இருக்கிறது? 'சிக்ரி' என்று நாம் செல்லமாக அழைக்கும் அந்த நிலையத்தின் விஞ்ஞானிகளைக் கேட்டால் ஒரு விஷயத்தைத் தயங்காமல் சொல்வார்கள்: எந்த அளவுகோலையும் காலா காலத்தில் சரிபார்த்து வைக்காவிட்டால் அது பொய் சொல்லும். தராசுக்கு முத்திரை வைக்கிறோமல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இப்போது அமலில் உள்ளது 1988-ஆம் வருஷத்துச் சட்டம். நூறு மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம் என்று 185-ஆவது பிரிவு வரையறுக்கிறது. இங்கிலாந்தில் இந்த எல்லை 80 மில்லிகிராம். நம் சட்டம் அதைவிட மிகக் கண்டிப்பானது.

ஊதச் சொல்லும் அதிகாரத்தை 203-ஆவது பிரிவு கொடுக்கிறது. உடுப்பு அணிந்த போலீஸ் அதிகாரியோ, அதிகாரம் பெற்ற மோட்டார் வாகன இலாகா அதிகாரியோ கேட்கலாம். சந்தேகிக்க நியாயமான காரணம் இருக்க வேண்டும். கருவி மத்திய சர்க்கார் அங்கீகரித்த வகையாக இருக்க வேண்டும்.

ஒருவர் ஊத மறுத்தால்? அவர் குடித்திருப்பதாகச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருக்குமானால், வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். ஸ்டேஷனுக்குப் போன பிறகு ஊதுவதற்கு மறுபடியும் ஒரு சந்தர்ப்பம் தரவேண்டும். அங்கும் மறுத்தால், 204-ஆவது பிரிவின்படி டாக்டர் மூலம் இரத்தம் கேட்கலாம். அதற்கும் இணங்காவிட்டால் 205-ஆவது பிரிவு வருகிறது. நியாயமான காரணம் காட்டாமல் ஒருவர் மறுத்திருந்தால், அந்த மறுப்பையே அவருக்கு விரோதமான சாட்சியத்துக்குப் பக்கபலமாகக் கோர்ட்டு எடுத்துக்கொள்ளலாம். கைதானவரை டாக்டர் பரிசோதிக்கவும், இரத்தம் எடுக்கவும், அவசியமான அளவுக்குப் பலத்தைப் பிரயோகிக்கவும் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் இடங்கொடுக்கிறது. 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது.

ஆகவே "எண் இல்லாவிட்டால் வழக்கு இல்லை" என்ற இளைஞனின் யுக்தியைச் சட்டம் செய்தவர்கள் முன்னமே யோசித்துக் கதவடைத்துவிட்டார்கள்.

அரசியல் சட்டத்தின் 20-ஆவது விதி என்னவாயிற்று என்று கேட்கலாம். 1961-இல் சுப்ரீம் கோர்ட்டில் பதினொரு நீதிபதிகள் ஒன்றாக உட்கார்ந்து ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். ஒருவர் தம் மனத்தில் அறிந்ததைச் சொல்லுமாறு வற்புறுத்துவது வேறு. அவருடைய கைரேகையையும் கையெழுத்தையும் எடுப்பது வேறு. பின்னது தனக்கு விரோதமாகச் சாட்சி சொல்வதாகாது என்று அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். கைரேகைக்குச் சொன்ன நியாயம் மூச்சுக்கும் பொருந்தும். 2010-இல் செல்வி என்பவர் கர்நாடக சர்க்காருக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் அதே கோர்ட்டு, மயக்க மருந்து கொடுத்து மனத்தில் உள்ளதைக் கக்க வைக்கும் சோதனையைச் சம்மதமின்றிச் செய்யக் கூடாதென்று தடுத்தது. மனத்தின் வாசலில் காவல் நிற்கும் அரசியல் சட்டம், மூச்சின் வாசலில் அப்படி நிற்கவில்லை.

வெளிநாடுகளும் இதே கேள்வியோடு மல்லாடியிருக்கின்றன. இங்கிலாந்தில் 1967 அக்டோபரில் சாலையோர மூச்சுப் பரிசோதனை அமலுக்கு வந்தபோது, சுதந்திரம் பறிபோய்விட்டதாக எழுந்த கூச்சல் கொஞ்சமல்ல. இன்று அங்கே நியாயமான காரணமின்றி மறுப்பதே தனிக் குற்றம். சிறைத் தண்டனையும் உண்டு. அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 2016-இல் ஒரு நடுவழி கண்டது. மூச்சை எடுப்பது உடம்பைத் துன்புறுத்தாத காரியம். கைதானவரிடம் அதை வாரண்ட் இல்லாமலே கேட்கலாம். இரத்தம் எடுக்க ஊசி குத்த வேண்டும். ஆகவே இரத்தம் தர மறுத்ததற்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளியாக்கித் தண்டிக்கக் கூடாது என்று அது தீர்மானித்தது. மறுப்பதற்கென்றே இங்கிலாந்தைப்போல் தனிச் சிறைத் தண்டனை நம் மோட்டார் சட்டத்தில் இல்லை. ஆனால் மறுத்தவர் விடுபட்டுப் போகவும் வழியில்லை.

இன்ஷூரன்ஸ் விஷயத்தையும் குடும்பத் தலைவர்கள் கவனிக்க வேண்டும். 2007-இல் டில்லி இந்தியா கேட் அருகே விலையுயர்ந்த கார் ஒன்று நடைபாதையில் மோதி அழிந்தது. ஓட்டியவருக்கு மூச்சுப் பரிசோதனையோ இரத்தப் பரிசோதனையோ நடைபெறவில்லை. ஆயினும் 2021-இல் சுப்ரீம் கோர்ட்டு, மற்றச் சாட்சியங்களைக் கொண்டு மதுவின் வசத்தில் ஓட்டினார் என்று முடிவு செய்து, நஷ்ட ஈடு தர வேண்டியதில்லை என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஊதாமல் தப்பியவருக்கும் கார் திரும்பி வரவில்லை, பணமும் வரவில்லை.

'மாட்டேன்' என்று சொல்லித்தான் விடுதலை பெற்றோம் என்றானே, அதற்கும் பதில் சொல்லவேண்டும். 1930-இல் வேதாரண்யத்தில் உப்பெடுத்தவர்கள் கையிலிருந்த உப்பை ஒளிக்கவில்லை. கையைப் பிரித்து எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் சிறைக்குப் போனார்கள். தாம் செய்த காரியம் வெளியே தெரியக் கூடாதென்று 'மாட்டேன்' சொல்வதற்குச் சத்தியாக்கிரகம் என்று பெயர் சூட்டினால், அந்தப் பெரியவர்களின் ஆத்மா சிரிக்கும். இளைஞனிடம் இதைச் சொன்னேன். அவன் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அப்படியானால் குடிக்காதவருக்கு உரிமையே கிடையாதா, சார்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. டிரைவரின் கவலையும் அதுதானே?

பந்தளத்துப் பலாச்சுளை

2025 ஜூலையில் கேரளத்துப் பந்தளத்தில் நடந்த வேடிக்கையை நேயர்கள் பத்திரிகைகளில் படித்திருக்கலாம். அங்குள்ள சர்க்கார் பஸ் டிப்போவில் டிரைவர்கள் வேலைக்குப் புறப்படுமுன் ஊதிக் காட்ட வேண்டும். ஒரு நாள் சிலருக்குக் கருவி மது இருப்பதாகக் காட்டிவிட்டது. குடிக்கவேயில்லை என்று அவர்கள் சாதித்தார்கள். விசாரித்ததில், யாரோ கொண்டுவந்த நன்றாகப் பழுத்த பலாச்சுளையைத் தின்றுவிட்டு ஊதியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. முதலில் ஊதியபோது பூஜ்யம் காட்டியவரைச் சுளை தின்னச் செய்து மறுபடி ஊதச் சொன்னார்கள். அவரும் 'குடிகாரர்' ஆனார்!

கருவி பொய் சொல்லிற்றா? முழுப் பொய் என்று சொல்ல முடியாது. மிகவும் கனிந்த பழத்தில் சர்க்கரை புளித்துச் சிறிது மது உண்டாகிறது. அது வாயில் தங்கியிருக்கும்போது ஊதினால், இரத்தத்திலிருந்து வந்த மதுவா, வாயில் ஒட்டியிருந்த மதுவா என்று கருவிக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சில இருமல் மருந்துகளாலும், வாய் கொப்பளிக்கும் மருந்துத் தண்ணீராலும் இதே விபரீதம் நேரலாம். பரிகாரம் மிகச் சுலபம். வாயைக் கொப்பளித்துவிட்டுப் பதினைந்து நிமிஷம் காத்திருந்து மறுபடி ஊதினால், வாயில் இருந்த மது மறைந்துவிடும். இரத்தத்தில் இருக்கும் மதுவோ எங்கும் போகாது. பந்தளத்து டிரைவர்களைக் காப்பாற்றியது மறுபடியும் ஊதிப் பார்த்த காரியந்தான். ஊத மறுத்திருந்தால் பலாச்சுளையின் இரகசியம் வெளிப்பட்டேயிராது.

ஆகவே குடிக்காதவருக்கு வேண்டிய உரிமை மறுக்கும் உரிமை அல்ல, சரியாகச் சோதிக்கப்படும் உரிமையே. அந்த உரிமைக்கு வேண்டிய ஆதாரங்கள் சட்டத்திலேயே இருக்கின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட தடவை ஊதச் செய்வதற்கு 203-ஆவது பிரிவிலேயே இடமிருக்கிறது. கைதானவர் ஸ்டேஷனில் மறுபடி ஊதலாம். போலீஸார் கண்ணெதிரே குற்றம் நடந்ததாக 202-ஆவது பிரிவின்படி கைது செய்தால், இரண்டு மணி நேரத்துக்குள் வைத்திய பரிசோதனை நடக்க வேண்டும். நடக்காவிட்டால் விடுதலை செய்ய வேண்டும். பெண்ணிடம் ஆண் டாக்டர் இரத்தம் எடுப்பதானால் இன்னொரு பெண் அருகில் இருந்தாக வேண்டும். விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரிடம், சிகிச்சை செய்யும் டாக்டருக்கு முன்னதாகத் தெரிவிக்காமல் மூச்சைக் கேட்கக் கூடாது. சிகிச்சைக்குக் கெடுதல் என்று டாக்டர் ஆட்சேபித்தால் விட்டுவிட வேண்டும். காச நோயாலோ இழுப்பாலோ பலமாக ஊத முடியாதவர், அதைச் சொல்லி இரத்தப் பரிசோதனைக்குச் சம்மதிப்பதாகக் கூறினால், அது 'நியாயமான காரணம்' என்று கோர்ட்டில் எடுத்துக் காட்ட இடமிருக்கிறது.

இவற்றைத் தெரிந்துகொண்டு நிதானமாகவும் மரியாதையாகவும் கேட்கிற டிரைவரை அலட்சியம் செய்வது எந்த அதிகாரிக்கும் சுலபமன்று.

விடிந்த பிறகும் தீராத கடன்

குடிப்பவர்களிலும் நல்லவர்கள் சிலர் ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. "இரவுதானே குடித்தேன்? தூங்கி எழுந்து குளித்துவிட்டேன். இனி என்ன?" என்பார்கள். உடம்பு இந்தக் கணக்கை ஒப்புக்கொள்வதில்லை. இரத்தத்தில் உள்ள மது சராசரியாக மணிக்கு 15 மில்லிகிராம் வீதமே குறைகிறது. நடு இரவில் 150 மில்லிகிராம் இருந்தவருக்குக் காலை 7 மணிக்கு 45 மில்லிகிராம் மிச்சமிருக்கும். சட்டத்தின் எல்லை 30. தண்ணீர் ஊற்றிக் குளித்தாலும், மோர் குடித்தாலும், காபி குடித்தாலும் இந்தக் கடன் சீக்கிரம் தீராது. காலம் ஒன்றே தீர்க்கும்.

கல்யாண வீட்டாருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. முந்தின நாள் இரவு விருந்தில், "டிரைவருக்கும் கொஞ்சம் கொடுத்து அனுப்புங்கள்" என்று தாராளம் காட்டுகிறவர்கள் உண்டு. மறுநாள் விடியற்காலை அதே டிரைவரிடந்தான் பெண்ணையும் மாப்பிள்ளையையும், மடியில் குழந்தையோடு இருக்கும் தங்கையையும் ஏற்றி அனுப்புகிறார்கள். அவருக்கு வயிறாரச் சாப்பாடும் ஆறு மணி நேரம் தூங்க ஓர் இடமும் கொடுப்பதே உண்மையான உபசாரம். குடித்திருப்பது தெரிந்தும் வண்டியை எடுக்கச் சொல்கிறவரும் குற்றத்துக்கு உடந்தை என்று அதே சட்டத்தின் 188-ஆவது பிரிவு சொல்கிறது.

விற்பதும் பிடிப்பதும்

சர்க்காரைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லாமல் விடலாகாது. 1937 அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் பரவியது. 1971-இல் மதுவிலக்குத் தளர்ந்தது. 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. 2003 முதல் சில்லறை வியாபாரமும் அதன் கையில் வந்தது. ஒரு கையால் புட்டியை விற்று, மறு கையால் ஊதும் கருவியை நீட்டும் நிலைமையில் நம் சர்க்கார் இருக்கிறது. நெடுஞ்சாலை ஓரத்து மதுக்கடைகளை எதிர்த்து வக்கீல் பாலு தொடர்ந்த வழக்கில், 2016 டிசம்பர் 15-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாதென்று உத்தரவிட்டது. தேசம் முழுவதற்கும் பயன்பட்ட அந்தத் தீர்ப்பு, தமிழ்நாட்டு வழக்கிலிருந்து பிறந்தது. மறு வருஷத்திலேயே சிற்றூர்களுக்குத் தூரம் 220 மீட்டராகக் குறைந்தது. நகராட்சி எல்லைகளுக்கு அந்தத் தடை தளர்ந்தது.

இன்னொன்று. 'சந்தேகிக்க நியாயமான காரணம்' வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தடுப்பு வைத்து, வருகிறவர் போகிறவர் எல்லோரையும் வரிசையாக ஊதச் சொல்வது இந்த வார்த்தைக்குள் அடங்குமா? என் சிற்றறிவுக்கு அடங்குவதாகத் தோன்றவில்லை. ஆஸ்திரேலியாவில் நியூ ஸவுத் வேல்ஸ் மாகாணத்தில், யாரை வேண்டுமானாலும் நிறுத்தி ஊதச் சொல்லலாமென்று 1982-இல் வெளிப்படையாகச் சட்டம் செய்தார்கள். சாலை மரணங்களும் குறைந்தன. அது நல்லதென்று நாமும் கருதினால், பார்லிமெண்டில் விவாதித்துச் சட்டத்தில் எழுதிவிடலாமே? எழுத்தில் ஒன்றும் சாலையில் ஒன்றுமாக இருந்தால் ஜனங்களுக்குச் சட்டத்தினிடம் மதிப்புப் போய்விடும்.

அத்துடன், ஊதுவதற்கு ஒவ்வொருவருக்கும் புதிய ஊதுமுனை கொடுக்க வேண்டும். கருவி கடைசியாக எந்தத் தேதியில் சரிபார்க்கப்பட்டது என்பதை அதன் மேலேயே ஒட்டி வைக்க வேண்டும். காட்டிய எண்ணையும் நேரத்தையும் அச்சிட்ட சீட்டை ஊதியவர் கையில் கொடுக்க வேண்டும். காய்கறிக் கடையில் தராசைத் திருப்பிக் காட்டச் சொல்கிறோம். ஒருவரின் பிழைப்பையே நிறுத்துப் பார்க்கும் தராசுக்கு இவ்வளவு கூடக் கேட்கக் கூடாதா?

டிரைவருக்குச் சொன்ன பதில்

கடைசியில் டிரைவரிடம் நான் சொன்னது இதுதான்: "ஊதுங்கள். எண்ணைப் பார்க்கக் கேளுங்கள். தப்பென்று தோன்றினால் வாயைக் கொப்பளித்துக் கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊத அனுமதி கேளுங்கள். அதற்கும் வழியில்லையென்றால் இரத்தப் பரிசோதனைக்குத் தயார் என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள். 'மாட்டேன்' என்ற வார்த்தை மட்டும் உங்கள் வாயிலிருந்து வரவேண்டாம். அது குடித்தவருக்கு உதவாது, குடிக்காதவரைக் கெடுத்துவிடும்."

அவர் தலையை ஆட்டினார். "நானும் ராத்திரி பத்து மணிக்கு மேல் சைக்கிளில் வீட்டுக்குப் போகிறவன்தான், ஐயா. எதிரே வருகிறவனும் ஊதிவிட்டு வந்தால் எனக்கும் நல்லதுதானே?" என்றார்.

இரவு வேலை முடிந்து நடந்து வரும் நர்ஸும், விடியற்காலையில் பால் கொண்டுவருபவரும், டியூஷன் முடிந்து சைக்கிளில் திரும்பும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதே சாலையில்தான் வருகிறார்கள். அவர்களுடைய உயிரை ஒரு தட்டிலும், நாம் ஊதும் ஒரு மூச்சை மறு தட்டிலும் வைத்துப் பார்த்தால் எது கனமானதென்று சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தராசு நேர்மையாக நிறுக்கிறதா என்று கவனித்துக்கொண்டேயிருப்பதும் பிரஜைகளாகிய நம்முடைய கடமை. வீட்டில் மோட்டார் சைக்கிள் சாவி கேட்கும் பிள்ளை இருந்தால், இந்தப் பக்கத்தை அவன் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.